பருப்பு வேகிற கிணறு

வீட்டுத் தரகன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தான். வாங்கிய வீடு நன்றாக அமைந்துவிட்டால் "எங்க நல்ல நேரம்" என்பார்கள். ஓடு ஒழுகினால் மட்டும் "அந்தத் தங்கசாமி தலையில கட்டிட்டான்" என்பார்கள். அந்தத் தங்கசாமி நான்தான். அருப்புக்கோட்டையில் வீடு காட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவன்.

இந்தத் தொழிலில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கையில் இருக்கிற பணத்துக்குத் தகுந்த ஆசையோடு ஒருத்தரும் என்னிடம் வந்ததில்லை. கூரை வீட்டுக்குப் பணம் வைத்திருப்பவர் ஓட்டு வீடு கேட்பார். ஓட்டு வீட்டுக்கு வைத்திருப்பவர் மச்சு வீடு கேட்பார். மச்சு வீட்டுக்கே வைத்திருப்பவர் விலையைக் கேட்டதும் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இவர்களிடம் பொறுமையாகப் பேசவேண்டும் என்று என் மனைவி சொல்வாள். எனக்குப் பொறுமை வராது, கத்திவிடுவேன். அப்படியும் என்னிடமே வந்தார்கள் என்றால், ஊரில் மற்றத் தரகர்களின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருஞ்சுனையும் அப்படி வந்தவன்தான். அறுபத்தெட்டாம் வருஷம், தை பிறந்த சமயம். திருச்சுழியைத் தாண்டி ஒரு கிராமத்தில் அவனுக்கு மளிகைக்கடை. மழை தொடர்ந்து ஏமாற்றியதில், கடன் சொல்லிச் சாமான் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவன் பாக்கியும் அவர்களோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இருந்த புஞ்சையை விற்று ஐயாயிரம் ரூபாய் தேற்றிக்கொண்டு வந்திருந்தான். சொந்த வீடு வாங்கவேண்டும், டவுனில் கடை போடவேண்டும், மகள் செல்லக்கிளியைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். எல்லாம் அந்த ஐயாயிரத்துக்குள்.

"சரி, வீடு எப்படி இருக்கணும்? சொல்லு" என்றேன்.

"முன்னால கடை போட ஒரு ரூம்பு வேணும் அண்ணாச்சி. கடைக்குன்னு தனியா வாடகை குடுத்தா நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. வண்டி வந்து லோடு எறக்குற மாதிரித் தெருவா இருக்கணும். பள்ளிக்கூடம் பக்கமா இருக்கணும். பெறகு..."

"பெறகு என்ன, மாடி வேணுமா?"

"மாடியெல்லாம் எதுக்கு?" என்றவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வீட்டுக்குள்ள நல்ல தண்ணிக் கிணறு. எம் பொஞ்சாதி கேட்டது அது ஒண்ணுதான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரில் வீட்டுக் கிணறுகளுக்குக் குறைவில்லை. ஆனால் பாதிக் கிணறு உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குடித்தால் தாகம் கூடத்தான் செய்யும். நல்ல தண்ணீர் உள்ளவர் லேசில் வீட்டை விற்கமாட்டார். விற்றால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்.

"நீ கேட்ட அத்தனையும் ஒரே வீட்டுல இருந்தா அத நான் வாங்கிப் போட்டிருக்க மாட்டேனா? ஏதாவது ஒண்ண விட்டுக்குடுக்கணும்ப்பா" என்றேன்.

"எத விடுறது அண்ணாச்சி?" என்று கேட்டான். என்னவோ அது என் பாடு என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆவுடைத்தாய் என்று பேர். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத பெண். மற்றப் பெண்கள் வீடு பார்க்க வந்தால் அடுப்படியைப் பார்ப்பார்கள், சாமி கும்பிட இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவள் நேரே கிணற்றடிக்குப் போவாள். வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பாள். துப்பிவிட்டு, "வாங்க, போவம்" என்பாள். வீட்டுக்காரம்மா காப்பிக்கு அடுப்பு மூட்டக்கூட நேரம் தரமாட்டாள். இப்படி நாலைந்து வீட்டில் என் மானத்தை வாங்கினாள்.

"ஏந்தாயி, வீட்டையும் ஒரு கண்ணு பாக்கக் கூடாதா?" என்று தெருவில் வைத்தே சத்தம் போட்டேன்.

"வீடு எப்படி இருந்தாலும் கூட்டி மெழுகிச் சரி பண்ணிருவேன் அண்ணாச்சி. தண்ணிய என்னத்தப் பண்ணிச் சரி பண்ண?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். அடுத்தவர் பேச்சு நியாயமாக இருந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அன்றைக்கு அருஞ்சுனையிடம்தான் அந்தக் கோபத்தைக் காட்டினேன். பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தவன், மெதுவாகச் சொன்னான்.

"கல்யாணமாகி வந்த மறுநாளே அவ இடுப்புல குடத்த வச்சு அனுப்புனோம் அண்ணாச்சி. கோடையில ஊரணி வத்திப் போச்சுன்னா குண்டாத்து மணலுக்குப் போகணும். ஊத்துத் தோண்டி, தேங்காச் செரட்டையால கோரிக் கோரி ஊத்தணும். ஒரு குடம் நெறைய ஒரு பொழுது ஆகும். செல்லக்கிளி வயித்துல இருக்கயிலயும் போனா. ஒரு நா தாங்கமாட்டாம நாந்தான் சொன்னேன், டவுனுக்குப் போனா வீட்டுக்குள்ளயே ஒனக்குக் கிணறு வாங்கித் தாரேன்னு. நகை கேட்டிருந்தா எப்படியாவது செஞ்சு போட்டிருப்பேன். இவ தண்ணியக் கேட்டுட்டா."

பஸ் வந்துவிட்டது. ஆவுடைத்தாய் ஏறி, அவனுக்கும் இடம் பிடித்துவைத்துவிட்டு, ஜன்னல் வழியாக "வாங்க" என்று கூப்பிட்டாள்.

தறிச்சத்தம் கேட்கும் ஒரு தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் முத்துமாரியம்மாள் வீடு விலைக்கு வந்தது. மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிற அம்மாள். ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் ஒரு கிணறு. நாலாயிரம் சொன்னாள். அதில் பாதி கிணற்றுக்கு என்று எனக்குத் தெரியும். ஆவுடைத்தாய் தண்ணீரை வாயில் விட்டாள். துப்பவில்லை. இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு வாளியையே சாய்த்து முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்வரிசை அவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை யாருக்குத் தெரியும்.

திரும்பி அருஞ்சுனையைப் பார்த்தால் ஆளைக் காணோம். வெளியே சந்தில் நின்று கைகளை விரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கச் சுவரும் கைக்கு எட்டின. அந்தச் சந்துக்குள் எந்த வண்டி வரும், எவன் வந்து சாமான் வாங்குவான்? இதை வாங்கினால் கடைத்தெருவில் மாதாமாதம் வாடகை அழுதாகவேண்டும்.

ஆவுடைத்தாயும் அதைப் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தண்ணி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. அவுகளுக்குக் கடை வைக்கத் தோதில்லையே" என்று அவளாகவே சொல்லிவிட்டு நடந்தாள். எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

மாசியில் சங்கரலிங்கத்தின் வீடு வந்தது. பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், மதுரையில் இருக்கிற மகனோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். வீடு பந்தல்குடி போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் விசாலமான அறை, அதற்குக் கடைக்கென்றே செய்ததுபோலப் பலகைக் கதவு. லாரியே வாசலில் வந்து நிற்கலாம். சுற்றி வளைத்துப் பேசியதில் ஐயாயிரத்துக்கு இறங்கினார். செல்லக்கிளிக்குக் காய்ச்சல் என்று அருஞ்சுனை அன்று தனியாக வந்திருந்தான். அந்த முன் அறையில் காலை வைத்தவன் வெளியே வர மனசில்லாமல் நின்றான். மடியில் இருந்த இருநூறு ரூபாயை அங்கேயே அச்சாரமாகக் கொடுத்துவிட்டான்.

கொடுத்த பிறகுதான் அவனுக்குக் கிணறு நினைவுக்கு வந்தது.

"நாங்க குடிக்கிற தண்ணி வெளிய எடுத்துக்கிடுறோம்" என்றார் சங்கரலிங்கம். ஒளிவு மறைவு இல்லாத மனுஷர். "இது பொழக்கத்துக்குப் போதும். மழைக்காலத்துல சமையலுக்கும் ஆகும். சந்தேகமா இருந்தா பருப்பப் போட்டுப் பாத்துக்கிடுங்க. வேகலைன்னா ஒங்க அச்சாரத்த அப்படியே திருப்பித் தந்துருறேன்."

பருப்புப் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கம் நடக்கிற காரியம்தான். வீடு வாங்குகிறவரின் மனைவி தன் வீட்டுச் சட்டியும் தன் வீட்டுத் துவரம்பருப்பும் கொண்டுவருவாள். விற்கிறவர் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தானே இறைத்துப் பருப்பை வேகவைப்பாள். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்கக்கூடாது. வெந்தது, வேகவில்லை என்று சொல்லவேண்டியவள் அவள்தான். அவள் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. வேகவில்லை என்றால் அச்சாரம் திரும்பும். வெந்தது என்று சொன்ன பிறகு வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரம் போனது போனதுதான். இரண்டு தரப்புக்கும் பொதுவாகத் தரகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இதில் விற்கிறவர்கள் செய்கிற தில்லுமுல்லுகளை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கிணற்றில் கொட்டியவர்கூட உண்டு.

குறித்த நாளில் மூன்று பேரும் காலை பஸ்ஸில் வந்தார்கள். அருஞ்சுனை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே முன் அறைக்குப் போய்விட்டான். ஆவுடைத்தாய் புது மண்சட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். நான் ஒரு முக்காலியைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர்கள் மரியாதைக்காக உள்ளே இருந்துகொண்டார்கள்.

வாளியை இறக்கினாள். வழக்கம்போல ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். துப்பப்போகிறாள் என்று நான் காலை இழுத்துக்கொண்டேன். அவள் துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

உப்பு என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சட்டியில் தண்ணீரை ஊற்றி, பருப்பைக் களைந்து போட்டு அடுப்பில் ஏற்றினாள். விறகு நன்றாகத்தான் எரிந்தது. தண்ணீர் கொதித்தது, மேலே நுரை கட்டியது, வற்றியது, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பருப்பு மட்டும் போட்டபடியே கிடந்து உருண்டது. அகப்பையில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை.

முன் அறையிலிருந்து அருஞ்சுனையின் குரல் அங்கே வரைக்கும் கேட்டது.

"இங்கன தராசு. இந்த மூலையில வத்தல் மூடை. இந்தச் சொவத்துல பலகை அடிச்சிட்டோம்னா டப்பா எல்லாம் வரிசையா வச்சிறலாம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து இங்கன உக்காந்து படி, கிளி. ஏவாரத்துக்கு ஏவாரமும் ஆச்சு, ஒன்னியப் பாத்துக்கிட்டும் இருப்பேன்."

மகள் என்னவோ கேட்க, அவன் சிரித்தான். வாய் நிறைந்த சிரிப்பு. இத்தனை நாளாக என் பின்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தவன்தானா இவன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆவுடைத்தாய் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்த வெள்ளைத் தூளை ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டியில் போட்டாள். பொசுபொசுவென்று நுரை விளிம்புவரை எழும்பி அடங்கியது.

ஆப்ப சோடா. உப்புத் தண்ணீரிலும் பருப்பைக் கரைய வைத்துவிடும். விற்கிறவர் அதைப் போட்டிருந்தால் நான் ஊரையே கூட்டியிருப்பேன். வாங்க வந்தவளே தனக்குத் தானே போட்டுக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் ஊரிலிருந்து கிளம்பும்போதே கடையில் எடுத்து முடிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இத அவுககிட்டச் சொல்லிறாதீக."

"ஏந்தாயி இப்படி? நீ கேட்டது இந்தத் தண்ணிதானா?"

"அவுக சிரிக்கிறதக் கேட்டீகள்ல? மழை பொய்ச்சதுல இருந்து அவுக சிரிச்சு நான் பாக்கல." நெருப்பைத் தள்ளிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். "இம்புட்டு வருசம் செமந்தவதான அண்ணாச்சி. டவுனுல வந்து ரெண்டு கொடம் செமந்தா தேஞ்சா போயிருவேன்?"

நான் சரி என்று தலையாட்டினேன். எனக்கென்ன வந்தது? வீடு முடிந்தால் இரண்டு பக்கமும் தரகு. ஆனாலும் அந்த முக்காலியில் என்னால் நிம்மதியாக உட்காரமுடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பருப்பு மலர்ந்து கரைந்தது. அவள் எழுந்து நின்று, "வெந்துருச்சு" என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள். சங்கரலிங்கமும் அவர் மனைவியும் வந்தார்கள். அருஞ்சுனை செல்லக்கிளியைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தான். வாழை இலைத் துண்டுகளில் ஆளுக்குக் கொஞ்சம் வைத்தாள்.

"வெண்ணெயாட்டம் வெந்திருக்கே! இந்தத் தண்ணியிலயா?" என்று சங்கரலிங்கத்தின் மனைவியே அதிசயப்பட்டாள். அவர் அவளைப் பேசாமல் இருக்கும்படி ஜாடை காட்டினார்.

அருஞ்சுனை சிரித்துக்கொண்டே ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தான். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நாக்கில் வைத்தபடி அசையாமல் நின்றான். பிறகு இலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மளிகைக்கடைக்காரன் மூக்கை ஏமாற்றமுடியுமா? வாங்குகிற சரக்கை முகர்ந்து முகர்ந்தே பிழைத்தவன். மெதுவாகத் திரும்பி ஆவுடைத்தாயைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்து கிடந்த முந்தானை நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

தெரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி ரகளைதான் என்று நினைத்தேன். அவன் இலையில் இருந்த பருப்பை ஒன்றும் மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றான். கையைக் கழுவிவிட்டு வந்தான்.

"பருப்பு நல்லா வெந்திருக்கு அண்ணாச்சி. எம் பொஞ்சாதி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் சங்கரலிங்கத்திடம். "ஒங்க கிணத்துல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் இந்த வீடு வேணாம்னு தோணுது. தப்பா நெனைக்காதீக."

"என்னது?" என்று நான் எழுந்துவிட்டேன்.

சங்கரலிங்கத்தின் முகம் சிவந்தது. "வெந்த பெறகு வேணாங்கிறீகளே, இது என்ன ஞாயம்? அச்சாரம் திரும்பாதுன்னு தெரியும்ல?"

"தெரியும். ஒங்களுக்குச் சேரவேண்டியதுதான், வச்சுக்கிடுங்க."

"ஏங்க!" என்றாள் ஆவுடைத்தாய். "ஒங்களுக்கு என்ன கிறுக்கா? கடைக்கு எல்லாம் அளந்து பாத்துட்டு..."

"எனக்கு மனசு ஒப்பல ஆவுடை. சட்டிய எடுத்துக்கோ, போவம்" என்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

ரோட்டுக்கு வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். ஆவுடைத்தாய் கோபத்தில் விறுவிறுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் தரகு போச்சு, என் பேர் போச்சு, நாலு பேர் மத்தியில் நான் இனி எப்படித் தலைநிமிர்வது என்று கத்தினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஆப்ப சோடாவ நிறுத்து விக்கிறவனுக்கு அந்த ருசி தெரியாதா அண்ணாச்சி?" என்றான்.

"தெரிஞ்சிச்சுல்ல? அத அங்கனயே சொல்லியிருந்தா அச்சாரம் திரும்பியிருக்குமேய்யா. இருநூறு ரூவா!"

அவன் நின்றுவிட்டான். "நாலு பேரு முன்னால எம் பொஞ்சாதியப் பொய்க்காரின்னு நானே சொல்லணுமா?" கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் எனக்காக விட்டுட்டா. விட்டது எனக்குத் தெரியக்கூடாதுன்னு வேற பாத்திருக்கா. அந்த வீட்டுல ஒக்காந்து நான் எப்படி அண்ணாச்சி ஏவாரம் பண்ணுவேன்? அவ கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கடை வாசல் வழியாத்தான போகணும்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியவேணாம். சங்கடப்படுவா. அந்த முத்துமாரியம்மா வீடு இன்னும் இருக்கா, கேட்டுச் சொல்லுங்க."

சரி என்று அவனுக்கும் தலையாட்டினேன். வீடு இருந்தது. அன்றைக்கே போய்ப் பேசினோம். இருநூறு போனதால் நூறாவது குறைக்கவேண்டும் என்று நான் அந்த அம்மாளோடு மல்லுக்கு நின்று ஐம்பது குறைத்தேன். என் தரகில் பாதியை விட்டுக்கொடுத்தேன். இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. பங்குனிக்குள் கிரயம் முடிந்தது.

பால் காய்ச்சுகிற அன்று போயிருந்தேன். ஆவுடைத்தாய் கிணற்றடியை விட்டு நகரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள், வேண்டாம் என்றவர்களுக்கும் கொடுத்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் கணவன் பக்கம் திரும்பும்போதெல்லாம் திட்டினாள். "கையில கெடைச்ச கடை வீட்ட விட்டுட்டு, இருநூறு ரூவாயையும் தூக்கிக் குடுத்துட்டு வந்தவரு" என்று வந்தவர்களிடமும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பந்தி பரிமாறினான்.

அவனுக்கு அப்புறம் சுலபமாக ஒன்றும் அமையவில்லை. கடைத்தெருவில் ஆள் நுழையவே இடமில்லாத ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தான். வாடகை அவனைத் தின்றது. காலையில் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு பந்தல்குடி பக்கத்துக் கிராமங்களுக்குப் போவான், வெயில் ஏறத் திரும்பிவந்து கடையைத் திறப்பான். சங்கரலிங்கத்தின் வீட்டை வாங்கியவன் அந்த முன் அறையில் கடை வைத்து, பக்கத்து மனையையும் வாங்கிவிட்டான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அருஞ்சுனை சைக்கிளை மிதிப்பதை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்ப்பான். ஆசை அவ்வளவு லேசில் விடுமா?

எழுபத்துநாலில் ஒரு நாள், வீட்டில் ஆப்பம் சுட வேண்டும் என்று என் மனைவி சோடா வாங்கிவரச் சொன்னாள். அருஞ்சுனை கடையில் கேட்டேன்.

"அது மட்டும் நம்ம கடையில இல்ல அண்ணாச்சி. எதுத்த கடையில வாங்கிக்கிடுங்க" என்றான்.

"ஏன், தீந்து போச்சா?"

"நான் வைக்கிறதே இல்ல" என்று வேறு ஆளுக்குப் புளி நிறுக்கத் திரும்பிக்கொண்டான்.

எனக்குப் புரிந்தது. எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வெயிலுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்லக்கிளி பாவாடை தாவணியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் இறைத்துச் சொம்பில் கொடுத்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி அது?" என்றாள்.

"ஆப்ப சோடா. ஒம் புருசன் கடையில இல்லைன்னுட்டான்."

மகள் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் குரலைத் தணித்தாள்.

"எப்படி இருக்கும்? அன்னைக்குப் பருப்புப் போட்டுப் பாத்துட்டு நாங்க ஊருக்குப் போனோம்ல, மறுநா காலையில கடையில சோடா டப்பா இருந்த எடம் காலியா இருந்துச்சு. அவுக ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

எனக்குக் குடித்த தண்ணீர் புரை ஏறிவிட்டது. "அப்ப, அவனுக்குத் தெரியும்ங்கிறது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாம? அந்த டப்பாவப் பாத்து அன்னைக்கு எம்புட்டு அழுதேன்னு எனக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. அவுகளுக்குத் தெரியாமத்தான் அழுதேன்."

"பெறகு ஏந்தாயி இத்தன வருசமா அவனப் போட்டு அந்தத் திட்டுத் திட்டுற? ஊரே ஒன்னிய வாயாடிங்குது."

அவள் என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"திட்டுறத நிப்பாட்டிட்டா, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சு போகும்ல? எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான அவுக அம்புட்டையும் தாங்கிக்கிட்டு இருக்காக."

சந்தில் சைக்கிள் மணி கேட்டது. சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். ஆவுடைத்தாய் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"இந்தா வாராரு பாருங்க, வெந்த பருப்பத் தின்னுட்டு இருநூறு ரூவாயத் தானம் பண்ணிட்டு வந்த மகராசன்! அந்த ரோட்டு வீட்டுல இருந்திருந்தா இப்படி உச்சி வெயில்ல சைக்கிள் மிதிக்கணுமா?"

அருஞ்சுனை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் திட்டிக்கொண்டே வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்து அவன் காலில் ஊற்றினாள், பிறகு கையில் ஊற்றினாள், முகத்தைக் கழுவட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கு என்னிடம் இருந்தது. நான் இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.